கல்லுக்கு ஒரு பெயர், காலத்துக்கு ஒரு பெயர்: வன்னியிலிருந்து தொடங்கும் ஒரு வழிகாட்டி

குழாய்க்கிணறு அடித்தவர்கள் கொடுத்த அறிக்கை உங்கள் வீட்டு அலுமாரியில் எங்காவது கிடக்கும். மேலே செம்மண் இத்தனை அடி, அதன் கீழே மயோசீன் சுண்ணக்கல் இத்தனை அடி, அதற்கும் கீழே பிரீகேம்பிரியன் அடிப்பாறை என்று எழுதியிருப்பார்கள். தண்ணீர் எத்தனை அடியில் என்பதை மட்டும் பார்த்துவிட்டு நாம் அதை மடித்து வைத்துவிடுகிறோம். உயர்தரத்தில் புவியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. கேம்பிரியன், ஓர்டோவிசியன், சிலூரியன் என்று வரிசையாகப் பாடமாக்கியே ஆக வேண்டும். பாடமாக்கலாம், தவறில்லை. ஆனால் இந்தப் பெயர்களை யார் வைத்தார்கள், ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் எல்லையை எங்கே போட்டார்கள் என்று விளங்கிவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

இதைப் பழக வன்னி நல்ல இடம். வவுனியாவில் கருங்கல் உடைக்கிற இடத்தில் தொடங்கி, ஏ9 வீதியால் பரந்தன் வரை போய், பூநகரிப் பக்கம் திரும்பி முழங்காவிலுக்கு இறங்கினால், ஒரே பகலில் மூன்று வெவ்வேறு காலங்களைக் கடந்துவிடுவீர்கள். வழியில் மலை ஏற வேண்டியதும் இல்லை.

முதலில் கல்லையும் காலத்தையும் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு மாணவி கேட்டாள்: "சேர், மயோசீன் எண்டால் கல்லா, காலமா?" இதைவிட நல்ல கேள்வி இந்தப் பாடத்தில் இல்லை. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

புவிச்சரிதவியலாளர்கள் இரண்டு வகைப் பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, பாறையைப் பார்த்து வைக்கிற பெயர். இந்தப் பாறை எப்படி இருக்கிறது, எதனால் ஆனது, நிலப்படத்தில் எங்கிருந்து எங்கே வரை பரந்திருக்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு. நன்றாகத் தெரிகிற இடத்தின் பெயரையே பாறைக்கும் வைத்துவிடுவார்கள். மற்றது, காலத்துக்கு வைக்கிற பெயர். அது உலகம் முழுவதற்கும் பொது. இலங்கைக்கு ஒரு மயோசீன், இத்தாலிக்கு ஒரு மயோசீன் என்று கிடையாது.

நம்முடைய பக்கத்திலேயே முதல் வகைக்கு மூன்று உதாரணங்கள் இருக்கின்றன. வவுனியாவின் அடியில் கிடக்கிற பழைய உருமாறிய பாறைகளுக்கு "வன்னித் தொகுதி" என்று பெயர். வன்னியில் மட்டுமல்ல, வடமேல் மாகாணம் வரை இறங்குகிற பாறைப்பரப்பு முழுவதும் அந்தப் பெயரில்தான் உலகத்து ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் வன்னியின் வடமேற்குக் கரையிலும் உள்ள சுண்ணக்கல் "யாழ்ப்பாணச் சுண்ணக்கல்". அதன் மேல் பல இடங்களில் கிடக்கிற செம்மண்ணும், செம்மண்ணின் அடியில் உள்ள கூழாங்கல் படையும் "இரணைமடுப் படிவு". ஆம், நம்முடைய இரணைமடுதான். தொல்லியலாளர்கள் இலங்கையின் ஆதி மனிதன் விட்டுப்போன கற்கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் குளத்தின் பெயர் வரும்.

இந்த மூன்று பெயர்களில் எதுவும் காலத்தைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். "இரணைமடுக் காலம்" என்று எழுதினால் பிழை. தென்கரையில் அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தலவில் இருக்கிற அதே மாதிரியான படிவும் இரணைமடுப் படிவு என்ற பெயரில்தான் வருகிறது. அங்கே ஒளிர்வு முறையால் மணலின் வயதைக் கணித்து, சுமார் 125,000 ஆண்டுகள் என்றும் சுமார் 80,000 ஆண்டுகள் என்றும் சொன்னார்கள். அதற்காக முழங்காவில் செம்மண்ணுக்கும் அதே வயது என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெயர் ஒன்றாக இருக்கலாம். வயதை இடத்துக்கு இடம் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சரி, அந்த மாணவியின் கேள்விக்குப் பதில் என்ன? மயோசீன் என்பது காலம். அந்தக் காலத்தில் உலகில் எங்கே எந்தப் பாறை உருவாகியிருந்தாலும் அதை மயோசீன் பாறை என்கிறோம், அது சுண்ணக்கல்லோ மணற்கல்லோ எரிமலைக் குழம்போ. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் என்பதோ ஒரு குறிப்பிட்ட பாறை. அது மயோசீனில் உருவானது என்பது ஆராய்ந்து கண்டுபிடித்த முடிவு.

பிறகு அடுக்குகள்

காலத்தை ஐந்து மட்டங்களில் பிரிக்கிறார்கள். தமிழ்ப் புத்தகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சொல்லைப் போடுகின்றன. இங்கே பேரூழி, ஊழி, காலம், சகாப்தம், கட்டம் என்று வைத்துக்கொள்வோம் (மேலே "மயோசீன் என்பது காலம்" என்றது பொதுவான பொருளில்). பரீட்சை எழுதுகிறவர்கள் தங்கள் பாடநூலில் உள்ள சொல்லையே எழுதுங்கள்.

பேரூழிகள் நான்கு: ஹேடியன், ஆர்க்கியன், புரோட்டரோசோயிக், பனரோசோயிக். பூமி தோன்றி ஏறக்குறைய 4,567 மில்லியன் ஆண்டுகள் ஆகின்றன. அதில் பனரோசோயிக் கடைசி 538.8 மில்லியன் மட்டும்தான். ஆனால் பாடப்புத்தகத்தில் முக்கால்வாசிப் பெயர்கள் அதற்குள்தான் வருகின்றன. ஓடும் எலும்பும் உள்ள உயிர்கள் பெருகி, உயிர்ச்சுவடுகளாகக் கிடைப்பது அதற்குப் பிறகுதான். பிரிக்கக் கையில் ஏதாவது அகப்பட்டால்தானே பிரிக்கலாம். அதற்கு முந்திய முழுவதையும் பேச்சுவழக்கில் பிரீகேம்பிரியன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உங்கள் கிணற்று அறிக்கையில் வருவதும் அதுதான்.

பனரோசோயிக்குக்குள் மூன்று ஊழிகள். பேலியோசோயிக், மீசோசோயிக், சீனோசோயிக். நாம் இருப்பது சீனோசோயிக்கில். அதற்குள் பேலியோஜீன், நியோஜீன், குவாட்டர்னரி என்று மூன்று காலங்கள். நியோஜீனுக்குள் மயோசீன், பிளையோசீன் என்று இரண்டு சகாப்தங்கள். மயோசீனுக்குள் ஆறு கட்டங்கள், அதில் இரண்டாவது பேர்டிகேலியன். இந்தக் கடைசிப் பெயரை ஞாபகம் வையுங்கள், கீழே தேவைப்படும்.

எழுதும்போது கவனிக்க ஒரு சின்ன விதி. பாறையைப் பற்றிப் பேசினால் "கீழ் மயோசீன்", "மேல் மயோசீன்" என்று எழுதுங்கள். காலத்தைப் பற்றிப் பேசினால் "முன் மயோசீன்", "பின் மயோசீன்". கீழ் மயோசீன் சுண்ணக்கல்லில் நண்டின் ஓடு இருந்தது என்று எழுதலாம். கீழ் மயோசீனில் கடல் நிலத்துக்குள் ஏறியது என்று எழுதக்கூடாது, அங்கே முன் மயோசீன்தான் வர வேண்டும். திருத்துகிறவர்கள் இதைப் பார்த்தாலே எழுதியவருக்கு விஷயம் தெரியுமா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

பெயர்கள் எங்கிருந்து வந்தன

ஒரு திட்டம் போட்டு வைத்த பெயர்கள் அல்ல இவை. பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஆளுக்கு ஆள் வைத்தவை. அதனால்தான் ஒழுங்கே இல்லாமல் இருக்கின்றன. சிலவற்றுக்கு ஊரின் பெயர்: இங்கிலாந்தின் டெவன் பகுதியால் டெவோனியன், ரஷ்யாவின் பேர்ம் நகரால் பேர்மியன், பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் இடையில் உள்ள ஜூரா மலையால் ஜுராசிக். சிலவற்றுக்குக் கல்லின் பெயர்: நிலக்கரி கிடைத்ததால் கார்பொனிபெரஸ், வெண்சுண்ணக் கட்டியால் கிரீத்தேசியஸ், இரண்டும் 1822இல் வந்தவை. ஜெர்மனியில் மூன்று படையாகக் கிடந்ததால் டிரையாசிக், 1834.

இதில் சுவையான கதை கேம்பிரியனுக்கும் சிலூரியனுக்கும் நடுவே நடந்தது. 1835இல் ஆடம் செட்ஜ்விக், ரொடரிக் மேர்ச்சிசன் என்ற இரண்டு நண்பர்கள் வேல்ஸ் நாட்டுப் பாறைகளுக்குப் பெயர் வைத்தார்கள். செட்ஜ்விக் கீழிருந்து மேலே வந்து கேம்பிரியன் என்றார், மேர்ச்சிசன் மேலிருந்து கீழே போய் சிலூரியன் என்றார். நடுவில் ஒரு பகுதியை இருவரும் தன்னுடையது என்று பிடித்துக்கொண்டார்கள். நம்மூர் வேலிச் சண்டைதான், அரைச் சாண் விட்டுக்கொடுக்காமல் கடைசிவரை இழுத்தார்கள், நட்பும் போய்விட்டது. இருவரும் இறந்த பிறகு 1879இல் சார்ல்ஸ் லப்வேர்த் என்பவர் சர்ச்சைக்குரிய நடுத்துண்டைத் தனியாக எடுத்து ஓர்டோவிசியன் என்று புதுப் பெயர் வைத்தார். வேல்ஸில் பழங்காலத்தில் இருந்த ஓர் இனக்குழுவின் பெயர் அது. சிலூரியனும் அப்படி ஓர் இனக்குழுவின் பெயர்தான்.

மயோசீன் வேறு வகை. 1833இல் சார்ல்ஸ் லயெல் என்ற புவிச்சரிதவியலாளர் ஒரு படையில் கிடைக்கிற சிப்பி, சங்கு இனங்களில் எத்தனை வீதம் இன்றும் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். சுமார் மூன்றரை வீதம் என்றால் ஏயோசீன், சுமார் 17 வீதம் என்றால் மயோசீன், அதற்கும் நன்றாகக் கூடினால் பிளையோசீன். இன்று அப்படி எண்ணி யாரும் எல்லை போடுவதில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

எல்லை எங்கே இருக்கிறது

இதைப் பாடப்புத்தகங்கள் அவசரமாகக் கடந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் முழுப் பாடத்திலும் இதுதான் அழகான பகுதி.

காலத்தின் எல்லை ஒரு எண் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது பூமியில் ஒரு குறிப்பிட்ட இடத்தில், ஒரு குறிப்பிட்ட பாறை முகப்பில், ஒரு குறிப்பிட்ட படையின் அடிமட்டம். "இந்தப் புள்ளியிலிருந்து மேலே இன்ன காலம்" என்று உலகம் ஒப்புக்கொள்கிறது. அதைப் "பொன் ஆணி" என்று செல்லமாகச் சொல்வார்கள். சில இடங்களில் உண்மையிலேயே உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். முதல் பொன் ஆணி 1972இல் செக் நாட்டின் குளோங்க் என்ற இடத்தில், சிலூரியன் முடிந்து டெவோனியன் தொடங்கும் எல்லையில் வைக்கப்பட்டது.

ஆணி அடிக்க இடம் தேர்வது எளிதல்ல. படைகள் இடையில் விடுபடாமல் தொடர்ச்சியாகப் படிந்திருக்க வேண்டும். உலகின் மற்ற இடங்களிலும் தேடிப் பிடிக்கக்கூடிய ஓர் அடையாளம் அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். வேறு நாட்டு ஆய்வாளர்களும் போய்ப் பார்க்க வழி இருக்க வேண்டும். பேர்மியன் முடிந்து டிரையாசிக் தொடங்கும் எல்லை சீனாவின் மெய்ஷானில் 27சி என்ற படையின் அடியில் இருக்கிறது. அடையாளம், ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற சிறு கடலுயிரின் கூறுகள் முதன்முதலாகத் தென்படுவது. வயது அதற்குப் பிறகுதான். எரிமலைச் சாம்பல் படையில் உள்ள சிர்கன் என்ற கனிமத்தின் மணிகளைக் கொண்டு 251.902 மில்லியன் ஆண்டுகள் என்று அளந்தார்கள். நாளை இன்னும் நுட்பமாக அளந்தால் எண் சிறிது மாறலாம், ஆணி நகராது. கேம்பிரியனின் தொடக்கத்துக்கு முன்பு 541 மில்லியன் என்று போட்டிருந்தார்கள், இப்போது 538.8. ஆணி கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் அடித்த இடத்திலேயே இருக்கிறது.

ஆணி அடிப்பது எப்போதும் தொடக்கத்துக்கு மட்டும். முடிவுக்குத் தனி ஆணி இல்லை. அடுத்தது தொடங்கும் இடமே முந்தியதன் முடிவு. இப்படிச் செய்தால் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத துண்டு மிஞ்சாது. செட்ஜ்விக்கும் மேர்ச்சிசனும் இதை அறிந்திருந்தால் ஒருவேளை பேசிக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் ஆணி கிடைக்காத எல்லைகளும் உண்டு. பனரோசோயிக்கின் காலங்களில் கிரீத்தேசியஸின் அடிக்கு மட்டும் இன்றுவரை உடன்பாடு இல்லை. பழைய பாறைகளில் சிக்கல் வேறு: அடையாளம் காட்ட உயிர்ச்சுவடே பெரிதாக இல்லை. அதனால் புரோட்டரோசோயிக்கின் பெரும்பகுதிக்கு நேராக எண்ணையே எல்லையாக வைத்துவிட்டார்கள். 2,500, 1,600, 1,000 என்று முழு எண்களாக வருவது அதனால்தான். அட்டவணையில் உருண்டையான எண்ணைக் கண்டால் அது மனிதர் போட்ட கோடு என்றும், 251.902 போல உடைந்த எண்ணைக் கண்டால் அது பாறையில் அளந்தது என்றும் ஊகிக்கலாம்.

இந்த வேலை முழுவதையும் சர்வதேசப் படையியல் ஆணைக்குழு செய்கிறது. அவர்கள் வெளியிடுகிற வண்ண அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். அடிக்கடி திருத்தம் வரும், ஆகவே ஓரத்தில் உள்ள பதிப்பு ஆண்டைப் பார்த்துத் தரவிறக்குங்கள். அச்செடுத்துச் சுவரில் ஒட்டினால் இந்தக் கட்டுரையைவிட அது கூடப் பயன் தரும்.

எண்களை வாசிப்பது

ஒரு மில்லியன் பத்து இலட்சம். 66 மில்லியன் என்றால் 6 கோடியே 60 இலட்சம். இதில் பிழை வருவது குறைவு. பிழை வருவது வேறு இரண்டு இடங்களில்.

ஒன்று, "20 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்" என்பதும் "20 மில்லியன் ஆண்டுகள் நீடித்தது" என்பதும் வேறு வேறு. முதலாவது ஒரு தேதி, இரண்டாவது ஒரு நீளம். மற்றது, அண்மைக் காலத்துக்கு வரும்போது "இன்றைக்கு முன்" என்று எழுதுகிற வழக்கம். கார்பன் கணிப்பில் அந்த "இன்று" 1950ஆம் ஆண்டு. வேறு சில கணக்குகளில் 2000ஆம் ஆண்டு. மில்லியன் கணக்கில் இது ஒன்றுமில்லை, ஆனால் நாலாயிரம் ஆண்டுக் கணக்கில் 50 ஆண்டு வித்தியாசம் சில வேளை தலையிடி தரும்.

எந்த முறை எதற்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கார்பன் முறை சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் கைகொடுக்காது, உயிர்ப்பொருளும் வேண்டும். ஆகவே கருங்கல்லுக்குக் கார்பன் கணிப்பு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பழைய பாறைக்கு யுரேனியம் ஈயமாக மாறுகிற வேகம்தான் மணிக்கூடு. அதை அடைத்து வைத்திருப்பது சிர்கன் மணி. இலங்கைச் சிர்கன் சிலவற்றை உலகின் ஆய்வுகூடங்கள் தங்கள் கருவி சரியாக அளக்கிறதா என்று ஒப்புப் பார்க்க வைத்திருக்கின்றன. அவற்றின் வயது சுமார் 560 மில்லியன்.

இனி வன்னியில் இறங்கிப் பார்ப்போம்

போவதற்கு முன் ஒரு விஷயம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகையோ சிவப்பு நாடாவோ கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வேண்டாம், எவ்வளவு நல்ல பாறை தெரிந்தாலும். புதர் மண்டிய இடத்தில் வீதியை விட்டு இறங்குமுன் ஊரவர்களிடம் கேளுங்கள். கல் உடைக்கிற இடத்தில் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, வெடி வைக்கிற நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு பூதக்கண்ணாடி, கொப்பி, ஒரு சின்னப் போத்தலில் விநாகிரி இருந்தால் போதும்.

வவுனியாவில் புதிதாக உடைத்த கருங்கல் முகப்பைக் கிட்டப் பாருங்கள். வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாக, சில இடத்தில் வளைந்து நெளிந்து போகும். இடையில் இளஞ்சிவப்பு நிறத்தில் களிக்கல் (பெல்ஸ்பார்) மணிகள், கண்ணாடி போன்ற படிகக்கல் (குவார்ட்ஸ்). கறுப்புப் பட்டையில் பூதக்கண்ணாடி வைத்தால் மைக்காத் தகடுகள் மினுங்கும். விநாகிரி விட்டால் ஒன்றும் நடக்காது. இது வன்னித் தொகுதியைச் சேர்ந்த பட்டைப்பாறை.

இதற்கு வயது என்ன என்று கேட்டால், "எதன் வயது?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். வன்னித் தொகுதியின் பல பாறைகள் முதலில் குழம்பாக இருந்து இறுகியது சுமார் 1,000 முதல் 1,100 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அட்டவணையில் அது புரோட்டரோசோயிக்குக்குள் வருகிற ஸ்தேனியன், டோனியன் காலங்களின் எல்லைப் பக்கம். பிறகு கொண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒன்று சேர்ந்தபோது அதே பாறை சுமார் 20 கிலோமீற்றர் ஆழத்தில் வெந்து, நசுங்கி, இப்போது நீங்கள் பார்க்கிற பட்டைகளைப் பெற்றது. அது சுமார் 600 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், புரோட்டரோசோயிக்கின் கடைசிக் காலமான எடியகாரனில். ஒரே சிர்கன் மணியின் நடுப்பகுதி பழைய வயதையும், ஓரம் புதிய வயதையும் காட்டும். ஆகவே "இந்தக் கல் ஸ்தேனியன்" என்பதும் சரி, "எடியகாரனில் உருமாறியது" என்பதும் சரி. இரண்டையும் எழுதுகிறவர்தான் விஷயம் தெரிந்தவர்.

பழைய புத்தகங்களில் வன்னித் தொகுதி என்ற பெயரே இராது. "மேற்கு விஜயன்" என்று கிழக்கிலங்கைப் பாறைகளோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 1980களின் பிற்பகுதியில் நியோடிமியம் என்ற தனிமத்தின் ஐசோடோப்புகளை (எடை வேறான அணு வகைகளை)க் கொண்டு பார்த்தபோது, மத்திய மலைநாட்டின் பாறைகளுக்கும் இவற்றுக்கும் மூலப்பொருளின் வயதிலேயே பெரிய வேறுபாடு தெரிந்தது. கிழக்குப் பாறைகளோடு சேர்த்து வைக்கவும் முடியவில்லை. அதன் பிறகுதான் வன்னிக்குத் தனிப் பெயர் கிடைத்தது. பாறைப் பெயர்களும் நிலையானவை அல்ல. பழைய நிலப்படத்தை வாசிக்கும்போது வெளியான ஆண்டைப் பார்ப்பது நல்லது.

வவுனியாவை விட்டு வடக்கே போகும்போது வீதியோரத்துக் கிரவல் குழிகளில் செம்பழுப்பு மண்ணைக் காண்பீர்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. அடியில் கருங்கல், அதன் மேல் உக்கிய கல், அதன் மேல் கிரவல் என்று படையாகத் தெரிவதால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் படிந்தவை என்று நினைக்கத் தோன்றும். பல இடங்களில் அப்படியல்ல, அடியில் உள்ள அதே பாறைதான் மழையும் வெயிலும் பட்டு நின்ற இடத்திலேயே உக்கி அப்படி ஆகியிருக்கிறது. "கீழே உள்ளது பழையது, மேலே உள்ளது புதியது" என்ற விதி படிந்து உருவான படைகளுக்கு மட்டும். உக்கல் மேலிருந்து கீழே இறங்குகிறது. கிணறு வெட்டும்போது பாறையின் பட்டைகள் கருங்கல்லிலிருந்து உக்கிய கல்லுக்குள் தொடர்ந்து ஏறி வருகிறதா என்று பாருங்கள். ஏறி வந்தால் அது உக்கல்தான். உருண்ட கூழாங்கற்கள் தனிப் படையாகக் கிடந்தால் அது தண்ணீர் கொண்டுவந்து போட்டது.

முழங்காவில், பூநகரிப் பக்கம் வந்தால் கதை மாறிவிடும். மேலே நல்ல சிவப்பு மண், கீழே வெளிறிய சுண்ணக்கல். இப்போது விநாகிரிப் போத்தலை எடுங்கள். ஒரு துளி விட்டால் மெல்ல நுரைக்கும். உடைந்த முகப்பில் சிப்பித் துண்டுகள், துளைகள். முழங்காவில், பரந்தன், முருங்கன், கொண்டச்சி ஆகிய இடங்களின் ஆழக்கிணறுகள் பல இந்தச் சுண்ணக்கல்லிலிருந்துதான் தண்ணீர் எடுக்கின்றன.

இது மயோசீன் என்று எப்படித் தெரியும்? கல்லில் தேதி எழுதியில்லை, சிர்கன் மணிக்கூடும் இங்கே உதவாது. உதவியது உயிர்ச்சுவடு. 1923இல் வேலண்ட், டேவிஸ் என்ற இருவர் இலங்கையின் மயோசீன் பற்றி எழுதிய ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சுண்ணக்கல்லில் உள்ள ஒற்றைக்கல உயிர்களின் நுண்ணிய ஓடுகளும் சிப்பிகளும் கேரளத்தில் கொல்லம் பக்கத்துச் சுண்ணக்கல்லில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றன. அப்படி ஓடு ஓடாக ஒப்பிட்டுக்கொண்டே போய், ஐரோப்பாவில் பேர்டிகேலியன் கட்டத்துக்கு ஆணி தேடுகிற படைகள் வரை போகலாம். பேர்டிகேலியன் என்றால் சுமார் 20.4 முதல் 16 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். அப்போது இந்த இடம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல்.

இப்போது வவுனியாவையும் முழங்காவிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கடைசியாக வெந்தது 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், மற்றது படிந்தது சுமார் 20 முதல் 16 மில்லியன் ஆண்டுகளுக்கு முன். நடுவில் கேம்பிரியனிலிருந்து பேலியோஜீன் வரை பத்துக் காலங்கள். வன்னி நிலத்தின் மேல் தெரிகிற பாறைகளில் அவற்றுக்குச் சாட்சியே இல்லை. டைனோசர் காலம் முழுவதும் இந்த இடைவெளிக்குள் போய்விட்டது. அதற்காக அந்தக் காலம் இங்கே நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. அத்தனை காலமும் நிலம் தேய்ந்துகொண்டே இருந்தது. 20 கிலோமீற்றர் ஆழத்தில் வெந்த பாறை மேலே வந்ததே அப்படித்தான். படைக்குப் படை இப்படி விடுபடும் இடத்தை இயைபின்மை என்கிறார்கள். பொன் ஆணிக்கு வன்னியில் இடமில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்.

விடுபட்ட பக்கங்கள் தூரத்தில் இல்லை. புத்தளம் மாவட்டத்தின் தப்போவவில், நிலம் பிளந்து தாழ்ந்த ஒரு பள்ளத்துக்குள் ஜுராசிக் படிவுகள் தேயாமல் தப்பி, இலைச் சுவடுகளோடு இருக்கின்றன. மன்னார் வளைகுடாவின் கடலடியில் இன்னும் தடித்த படைகள் உண்டு. 1970களில் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். 2011இல் வளைகுடாவில் இயற்கை வாயு கண்டது கிரீத்தேசியஸ் கால மணற்கல்லில்.

சுண்ணக்கல்லின் மேல் உள்ள சிவப்பு மண் குவாட்டர்னரி, அதிலும் அதன் முதற் சகாப்தமான பிளைஸ்டோசீன். செம்மண்ணின் அடியில் கூழாங்கல் படை தெரிந்தால் கவனமாக இருங்கள். கூர் தீட்டியது போன்ற படிகக்கல் துண்டு கிடந்தால் அது ஆதி மனிதரின் கருவியாக இருக்கலாம். எடுத்துக்கொண்டு போனால் அதன் படை, ஆழம் எல்லாம் தொலைந்து வெறும் கல்லாகிவிடும், சட்டத்துக்கும் விரோதம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

மேலே எஞ்சியது குளத்து வண்டல். குவாட்டர்னரியின் கடைசிச் சகாப்தம் ஹொலோசீன், 11,700 ஆண்டுகளாக நடக்கிறது. 2018இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். மூன்றாவது கட்டத்தின் பெயர் மேகாலயன். அதன் ஆணி இந்தியாவின் மேகாலயாவில் மாம்லு குகையில் உள்ள ஒரு சுண்ணக் கசிவுத் தூணில் இருக்கிறது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை தளர்ந்ததை அந்தத் தூணின் ஒட்சிசன் ஐசோடோப்புகள் காட்டுகின்றன. கட்டுக்கரைக் குளத்தின் வண்டலும் வவுனிக்குளத்தின் வண்டலும் அணைகட்டிய நாளிலிருந்து இன்றுவரை முழுவதும் மேகாலயன். அடுத்த வயலில் உழவு மெசின் கிளப்புகிற சேறும் அதற்குள்தான். மனிதனின் பெயரால் ஆந்திரொபொசீன் என்று ஒரு புதுச் சகாப்தம் வேண்டும் என்று கேட்டவர்களின் கோரிக்கை 2024இல் வாக்கெடுப்பில் தோற்றுவிட்டது. செய்தித்தாளில் அந்தச் சொல் தொடர்ந்து வரும், அட்டவணையில் தேடாதீர்கள்.

பழைய சொற்களைக் கண்டால்

"டேர்ஷியரி" என்று பழைய நிலப்படத்தில் இருந்தால் அது இன்றைய பேலியோஜீனும் நியோஜீனும் சேர்ந்தது, அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குவாட்டர்னரி 1.8 மில்லியனில் தொடங்குகிறது என்று எழுதியிருந்தால் அது 2009க்கு முந்திய கணக்கு, இப்போது 2.58. கிரீத்தேசியஸின் அடி 145 என்றும் 143.1 என்றும் இருவிதமாகக் காண்பீர்கள், பிந்தியது புதியது.

கொப்பியில் எழுதுவது

ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு வரி போதும். இடம், ஆழம் அல்லது உயரம். கண்ணால் கண்டது: நிறம், மணியின் பருமன், பட்டை, விநாகிரிக்கு நுரைத்ததா. பாறையின் பெயர் தெரிந்தால் அது. நான்காவது வரி காலம். அதற்குப் பக்கத்திலேயே எதைக் கொண்டு அந்தக் காலம் என்று முடிவு செய்தீர்கள் என்பதையும் எழுத வேண்டும்: உயிர்ச்சுவடா, நிலப்படமா, யாரோ அளந்த எண்ணா. முழங்காவில் கிணறு ஒன்றுக்கு இப்படி இருக்கலாம்: "18 அடியில், வெளிறிய மஞ்சள், சிப்பித் துண்டுகள், நுரைக்கிறது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல். கீழ் மயோசீன், நிலப்படத்தின்படி." வவுனியாக் கிணற்றின் உக்கிய கல்லுக்கு முதல் மூன்று வரியும் எழுதிவிட்டு நான்காவதை வெறுமையாக விடுங்கள். பாறை இறுகிய காலமா, வெந்த காலமா, உக்கிய காலமா என்று தீர்மானித்த பிறகு நிரப்பலாம்.